படத்துல கால்வாய் எங்க சார்? குளச்சல் கடற்கரைக்கு பிளான் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

நகரத் திட்டம் போடுற அதிகாரிகளுக்கும், எங்க ஓட்டு வாங்கி ஜெயிச்சு வந்த கவுன்சிலர்மாருக்கும், மாவட்ட நிர்வாகத்துல இந்த பைல் யாரு மேசையில கெடக்கோ அவங்களுக்கும்,

நான் கன்னியாகுமரி மாவட்டத்து குளச்சல்காரி. பஜார் பக்கம் சின்னதா ஒரு தையல் கடை, கூடவே ஒரு ஜெராக்ஸ் மெஷின், பதினெட்டு வருஷமா இதுதான் பொழப்பு. போன வாரம் எங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு கலர் படம் வந்துச்சு, கம்ப்யூட்டர்ல வரைஞ்சது, 'குளச்சல் பீச் அழகுபடுத்தும் திட்டம்'னு மேல எழுதியிருக்கு, யாரு வரைஞ்சது எந்த ஆபீஸ் எவ்வளவு ரூபா ஒண்ணும் கிடையாது. பெரிய எழுத்துல 'ஐ லவ் குளச்சல்', அதுக்கு முன்னாடி செல்பி எடுக்க மேடை, கலர் கலரா மின்னுற பிளாஸ்டிக் பனைமரம், வட்டமா ஒரு பவுண்டன், ஒரு புட் கோர்ட்டு, தரை பூரா பேவர் பிளாக். ஒரு பொண்ணு ஜீன்ஸ் போட்டுட்டு ஒரு பெரிய நாய கயித்துல கட்டி நடத்திட்டு போவுது. அந்த நாய் எந்த ஊரு நாயோ தெரியல, எங்க ஊரு நாய் ஒண்ணும் அவ்வளவு சுத்தமா இருக்காது.

நான் ஜெராக்ஸ் கடைக்காரி, எதையும் பெரிசு பண்ணிப் பாக்குறது என் சோலி. ஏ3 பேப்பர்ல பிரிண்ட் எடுத்து கடை மேசையில விரிச்சு வச்சு பாத்தேன். வள்ளம் இல்ல. வலை இல்ல. ஒரு மீன் கூட இல்ல, குளச்சல் கடற்கரையில. செரி, படம் வரைஞ்ச பையனுக்கு மீன் பிடிக்காது போலன்னு விட்டுட்டேன். ஆனா ஊருக்கும் கடலுக்கும் நடுவுல போகுற ஏவிஎம் கால்வாய் இருக்கில்லா, அது இருக்க வேண்டிய எடத்துல பச்சப்பசேல்னு புல்லு. விரல வச்சு தடவி தடவி பாத்தேன். புல்லுதான். கால்வாயவே தூத்துட்டாங்க, மண்வெட்டி இல்லாம.

இந்த படம் உண்மையான திட்டம்னா எங்ககிட்ட ஏன் கேக்கல? பொய்னா ஏன் ஒருத்தர் கூட அப்படி ஒண்ணும் இல்லன்னு சொல்லல? இத கேக்கத்தான் எழுதுறேன். எனக்கு பீச் அழகா இருக்கக்கூடாதுன்னு ஒண்ணும் ஆசை இல்ல. ஊரு நல்லா இருந்தா என் கடையிலயும் ரெண்டு ஜாக்கெட் கூட தைக்க வரும். ஆனா நீங்க அழகுபடுத்தணும்னு நினைக்கிற எடம் வேற, கெட்டுப்போய் கெடக்குற எடம் வேற.

ஏவிஎம்னா வெளியூர்க்காரங்க சினிமா கம்பெனின்னு நினைப்பாங்க. அது இல்ல. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். அனந்தன்னா பத்மநாபசாமி, விக்டோரியா லண்டன் ராணி, மார்த்தாண்டன் அப்போ திருவிதாங்கூர ஆண்ட உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா மகாராஜா. சாமி, ராணி, ராஜா மூணு பேரு பேரையும் சேத்து வச்சு 1860ல வெட்டத் தொடங்கினாங்க. திருவனந்தபுரத்துல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் கடல்ல எறங்காம வள்ளத்துலயே சரக்கு கொண்டு போகணும்ங்கிறது கணக்கு. முழுசா முடியல, நம்ம பக்கம் மண்டைக்காடு வரை வந்து நின்னு போச்சு. ஆனா வெட்டின வரைக்கும் நல்லா வெட்டியிருக்காங்க, மிஷின் இல்லாத காலத்துல.

எங்கம்மைக்கு இப்போ எழுபத்தி நாலு வயசு. அவங்க சின்னப்பிள்ளையா இருக்கையில இந்த கால்வாயில குளிச்சிருக்காங்க, துணி துவைச்சிருக்காங்க, கரையில தேங்கா மட்டை ஊறப்போட்டு கயிறு திரிச்சிருக்காங்க. இப்போ போய் பாருங்க. கோழிக்கடை கழிவு, பிள்ளைகளுக்கு கட்டி கழட்டுன டயாப்பர், கிழிஞ்ச வலை, தெர்மாகோல் பெட்டி, அதுக்கு மேல ஆகாயத்தாமரை. தண்ணி ஓடுதுன்னு சொல்ல முடியாது, நிக்கி. வேடிக்கை என்னன்னா 2016ல பாராளுமன்றத்துல தேசிய நீர்வழிச் சட்டம் போட்டப்போ இந்தியாவுல இருக்கிற 111 நீர்வழியில நம்ம ஏவிஎம் கால்வாய்க்கு 13ஆம் நம்பர் குடுத்தாங்க. பூவாறு கடற்கரையில இருந்து இரயுமன்துறை பாலம் வரைக்கும், சுமார் 11 கிலோமீட்டர். அதுக்கு இந்தப் பக்கம் குளச்சல் வரைக்கும் வர்ற மிச்சக் கால்வாய் அந்த கணக்குல இல்ல. டெல்லி காகிதத்துலயும் நாங்க இல்ல, வாட்ஸ்அப் படத்துலயும் நாங்க இல்ல.

இத நான் தமாஷுக்கு சொல்லல. 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை. குளச்சலும் கொட்டில்பாடும் அன்னைக்கு என்ன பட்டுச்சுன்னு இந்த மாவட்டத்துல யாருக்கும் நான் சொல்லித் தரவேண்டாம். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லணும், ஏன்னா பிளான் போடுறவங்க யாரும் இத பேசி நான் கேட்டதில்ல. கடலுக்கும் மேட்டுக்கும் நடுவுல கால்வாய். அலை வந்ததும் ஜனங்க மேட்டப் பாத்து ஓடினாங்க, பாலம் எங்க இருக்கோ அங்கதான் கடக்க முடியும், மத்த எடத்துல ஓடினவங்க கால்வாய்க்கரையில வந்து நின்னுட்டாங்க, பின்னாடி தண்ணி. பொறவு நாள்கணக்கா அந்த கால்வாய்ல இருந்துதான் எடுத்தாங்க. எங்க வீட்டுலயும் ஒருத்தங்க, பெரியம்மை. கடல் கொண்டு போச்சுன்னு ஊரு சொல்லும், எங்கம்மை அப்படி சொல்லவே மாட்டாங்க, 'தோடு கொண்டு போச்சு'ன்னுதான் சொல்லுவாங்க. கால்வாய எங்க பக்கம் தோடுன்னும் சொல்லுவோம்.

அதனால, கால்வாய் இருக்கிற எடத்துல புல்லு வரைஞ்ச படத்த பாத்தப்போ எனக்கு சிரிப்பு வரல.

இப்போ நடந்து வர்ற வழிய சொல்றேன். பஸ் ஸ்டாண்டுல இறங்கி கடற்கரைக்கு மெதுவா நடந்தா கால் மணி நேரம். இந்த கால் மணி நேரத்துலதான் எங்க ஊரோட எல்லா சீக்கும் இருக்கு. நடைபாதைன்னு ஒண்ணு இருக்கிற எடத்துல பைக் நிக்கும், இல்லாத எடத்துல ஓடை. சாயந்திரம் ஏழு மணிக்கு மேல பாதிக்கு மேல லைட்டு எரியாது, எரியுற ஒண்ணு ரெண்டும் கண்ணு சிமிட்டும். பொம்பளைங்களுக்கு ஒரு பாத்ரூம் கிடையாது, இருக்கிறது பூட்டு, சாவி யாருகிட்டன்னு கேட்டா அவரு சாயா குடிக்க போயிருப்பாரு. கால்வாய் பக்கம் வந்தா மூக்க பொத்திட்டு ஓடணும். ஓடினாதான் பீச்.

அதனால என்ன ஆகுதுன்னா, ஞாயித்துக்கிழமை பீச்சுக்கு வர்ற பசங்க தக்கலை, திங்கள்சந்தை, கருங்கல்ல இருந்து பைக்ல நேரா மணல்ல போய் இறங்குறாங்க, ஒரு மணி நேரம் நின்னுட்டு அப்படியே திரும்பிடுறாங்க, பஜார்ல கால் வைக்கிறதே இல்ல. பஜாருக்கு வர்ற ஜனங்க சாமான் வாங்கிட்டு பஸ் ஏறிடுறாங்க, கடல பாக்குறதே இல்ல. நான் சின்னதுல பாத்த குளச்சல் பஜார் இப்படி இல்ல. வெளிநாட்டுக்குப் போய் வந்தவங்க கொண்டு வந்த பாரின் சென்ட், டேப்ரிக்கார்டர், ஜப்பான் சேலை, இதெல்லாம் பாக்கவே ஊரு ஊரா வருவாங்க, ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் கடை இருக்கும், வியாபாரம் முடிச்சு குடும்பமா கடல் காத்து வாங்கிட்டுதான் போவாங்க. இப்போ எட்டு மணிக்கு ஷட்டர் விழுகுற சத்தம் வரிசையா கேக்கும். கல்யாண சேலை எடுக்க நாகர்கோவில், மார்த்தாண்டம் போறாங்க, மிச்சத்த போன்ல வாங்குறாங்க. அத நான் தடுக்க முடியாது, நீங்களும் தடுக்க முடியாது. ஆனா கடல போன்ல வாங்க முடியாது. எங்க கையில இருக்கிற ஒரே சரக்கு அதுதான், அதையும் பஜாரையும் சேத்து வைக்கிற அந்த கால் மணி நேர வழிய யாரும் பாக்கல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடவப்பாதி மழை நேரம், அதாவது ஜூன்ல தொடங்குற தென்மேற்குப் பருவமழை, எங்கம்மை கால்வாய்க்கரை வழியா வந்துட்டு இருந்தாங்க. ஓடைக்கு மேல போட்ட சிலாப் ஒண்ணு நடுவுல உடைஞ்சு கெடந்திருக்கு, மழைத்தண்ணி மூடிட்டதால தெரியல. காலு உள்ள போயிருச்சு. இடுப்பு எலும்பு. ஆபரேஷன், மூணு மாசம் படுக்கை, இப்பவும் கம்பு ஊனித்தான் நடக்காங்க. நான் மனு எழுதிட்டு போனேன். முதல் ஆபீசுல, கால்வாய் எங்களுது இல்லம்மா அது அவங்களுதுன்னாங்க. அடுத்த ஆபீசுல, தண்ணி எங்களுது, கரையில போட்ட சிலாப் எங்களுது இல்லன்னாங்க. மூணாவது ஒரு ஆபீசுல உக்கார வச்சு தண்ணி குடுத்து நல்லாத்தான் பேசினாங்க, 'பண்ட் வந்தா பாப்போம்'னாங்க. தண்ணி ஒருத்தருக்கு, கரை ஒருத்தருக்கு, சிலாப் மட்டும் அனாதை. கடைசியில ஆட்டோ ஸ்டாண்டு பையன் ஒருத்தன் அந்த ஓட்டையில ஒரு கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டினான். துணி என் கடையில வெட்டி மிஞ்சினது. ஒரு மழைக்காலம் முழுக்க குளச்சலோட சாலைப் பாதுகாப்பு அந்த துணியிலதான் நின்னுச்சு.

எங்கம்மை முப்பது வருஷம் மீன் வித்தவங்க. மொதல்ல ஓலக் கடவத்துல, பொறவு அலுமினிய சட்டியில. காலைல கரையில ஏலத்துல எடுத்து, தலையில தூக்கி, அதே கால்வாய் பாலத்த தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உள்பக்கம் இருக்கிற ஒவ்வொரு ஊரா போவாங்க. சாளை, நெத்தோலி, அயிலை, வாளை. அந்த பஸ் ஸ்டாண்டுலதான் 2021 டிசம்பர்ல மீன் விக்கிற ஒரு அம்மாவ நாத்தம் அடிக்குன்னு சொல்லி பஸ்ல இருந்து இறக்கி விட்டாங்க, அந்த வீடியோ தமிழ்நாடு முழுக்க போச்சு, முதலமைச்சர் வரைக்கும் கண்டிச்சாரு. எல்லாரும் அந்த கண்டக்டர திட்டினாங்க, நானும் திட்டினேன். ஆனா வித்துட்டு வர்ற அம்மா கை கால் கழுவ, சட்டிய அலச பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பைப்பு, ஒரு திண்ணை வேணும்னு அப்போ யாராவது கேட்டோமா? ஊரோட மையத்த சரி பண்றதுன்னா எனக்கு தெரிஞ்சு அங்கன தொடங்கணும். பவுண்டன்ல இருந்து இல்ல.

கடற்கரைய பத்தி ஒரு விஷயம் உங்களுக்கு புரிஞ்சே ஆகணும். அது பார்க்கு இல்ல. வேலை நடக்குற எடம். வள்ளம் ஏத்தி வைக்கணும், வலை காயணும், வலை பின்ன நிழல் வேணும், கருவாட்டுக்கு நெத்தோலி காயப் போடணும். அதுல பேவர் பிளாக் போட்டா வள்ளத்த எங்க இழுக்குறது? ஞாயித்துக்கிழமை வர்ற பையனுக்கு செல்பி மேடை ஒரு நிமிஷம், வள்ளக்காரனுக்கு அந்த மணல் வருஷம் பூரா. எனக்கு தெரிஞ்சு வெளியூர்க்காரங்க குளச்சலுக்கு வர்றதே இந்த வேலைய பாக்கத்தான். கரமடி வலைய கரையில நின்னு இழுக்கும்போது சுத்தி நின்னு போன்ல வீடியோ எடுக்குறவங்கள நீங்க பாத்ததில்லையா. அத மறைச்சிட்டு பிளாஸ்டிக் பனைமரம் வைக்கணுமாக்கும், பனைக்கு பேரு போன மாவட்டத்துல.

சட்டமும் இருக்கு. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிப்படி, எங்க ஊரு மாதிரி ஏற்கெனவே கட்டடம் நிறைஞ்ச எடத்துல, இருக்கிற ரோட்டுக்கோ அனுமதி உள்ள கட்டடத்துக்கோ கடல் பக்கமா புதுசா கட்டடம் எழுப்ப முடியாது. அப்போ படத்துல அந்த புட் கோர்ட்டு எந்த பக்கம் நிக்கி? சட்டத்த விடுங்க, கடல் விடுமா? திருவனந்தபுரம் சங்குமுகத்துல பீச் ரோட்ட கடல் அரிச்சு அரிச்சு தின்னத பஸ்ல ரெண்டு மணி நேரத்துல போய் பாக்கலாம். நம்ம கரையிலயும் எத்தனை எடத்துல கல்லு கொட்டி, கடலுக்குள்ள கல்லு நீட்டி தூண்டில் வளைவு போட்டு, ஒரு ஊர காப்பாத்தினா பக்கத்து ஊருல கடல் ஏறுதுன்னு சண்டை நடக்குது. ஒகி புயல் வந்தப்போ பாத்தோம், கள்ளக்கடல் வரும்போதெல்லாம் பாக்குறோம், காத்தும் இல்லாம மழையும் இல்லாம சும்மா நிக்கும்போது தண்ணி ஏறி வந்து வள்ளத்த தூக்கிட்டு போகும். அந்த எடத்துல போய் பவுண்டன்.

கன்னியாகுமரியில வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவுல 77 மீட்டர் நீளத்துக்கு 37 கோடி ரூபாயில கண்ணாடிப் பாலம் போட்டு 2024 டிசம்பர் 30ஆம் தேதி திறந்தாங்க. நானும் பிள்ளைகள கூட்டிட்டு போனேன், கொள்ளாம், கீழ பாத்தா தலை சுத்துச்சு, போட்டோவும் எடுத்தோம். அதுல எனக்கு குறை ஒண்ணும் இல்ல. ஆனா ரெண்டு பாறைய சேக்க முடிஞ்ச மாவட்டத்துல ஒரு கால்வாயோட ரெண்டு கரைய சேக்க முடியாதா? கண்ணாடியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அகலமா, கைப்பிடியோட, ராத்திரி லைட்டு எரியுற சாதா நடைபாலம், கால்வாய் நீளத்துக்கு இடைக்கிடை. சாதா நாள்ல அது பஜாருக்கும் பீச்சுக்கும் வழி. கடல் ஏறி வர்ற நாள்ல அது உயிரு தப்புற வழி. ஒரே செலவுல ரெண்டு. இத ஒரு தையல்காரி யோசிக்கணுமா?

பாலத்துக்கு பெறகு அந்த வழி. கால்வாய்க்கரை ரெண்டு பக்கமும் நடக்குற மாதிரி ஆக்குங்க, மரம் வைங்க, பூவரசு வைங்க, உப்புக்காத்துக்கு அதான் நிக்கும், வேற என்னத்தையோ நர்சரியில இருந்து கொண்டு வந்து வச்சு ஆறு மாசத்துல கருக விடாதீங்க. கழிவுநீர கால்வாய்க்குள்ள விடுற குழாய ஒவ்வொண்ணா எண்ணி அடைச்சு, அதுக்கு வேற வழி பண்ணிட்டு, அதுக்கு பொறவு தூர் வாருங்க. முதல்ல தூர் வாரிட்டு போட்டோ எடுத்துட்டு போனா அடுத்த மழைக்குள்ள பழைய கதைதான், இத நாங்க பாக்காததா. இதெல்லாம் நடந்தா வருஷத்துல நாலு மாசமாவது சின்ன வள்ளத்துல பிள்ளைகள ஏத்தி சுத்தி காட்டலாம். மீன்பிடித் தடைக்காலத்துல சும்மா இருக்கிற பையன்மாருக்கு அதுல ஒரு வேலை. தடைக்காலம்னதும் ஞாபகம் வருது, நம்ம மாவட்டத்துல ரெண்டு தடைக்காலம், கன்னியாகுமரி பக்கத்து சின்னமுட்டம் துறைமுகம் கிழக்கு கடற்கரை கணக்குல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14, நாங்க மேற்கு கணக்குல ஜூன் 1ல இருந்து ஜூலை 31. அந்த 61 நாள் எங்க விசைப்படகு கட்டிக் கெடக்கும், பஜார்லயும் ஈ ஓட்டுவோம். மீன் வந்தாத்தான் துணி தைக்க வருவாங்க. துறைமுகமும் பஜாரும் ஒரே வயிறு.

புதுச்சேரியில கடற்கரை ரோட்டுல சாயந்திரம் ஆறு மணில இருந்து காலைல ஏழரை வரைக்கும் வண்டிய விடுறதில்ல. ஜனங்க நடுரோட்டுல நடக்குறாங்க, கடைக்காரங்க யாரும் செத்துப் போகல. நம்ம பஜார் ரோட்டயும் பீச் ரோட்டயும் தினம் வேண்டாம், சனி ஞாயிறு சாயந்திரம் மட்டும் ஆறுல இருந்து பத்து வரைக்கும் வண்டி இல்லாம விட்டுப் பாருங்க. டிசம்பர்ல தொடங்குங்க, கிறிஸ்மஸுக்கு குடிலு பாக்க எப்படியும் ஜனங்க தெருவுல இருப்பாங்க, அப்படியே மண்டைக்காடு மாசிக் கொடை முடியுற வரைக்கும் ஓட்டுங்க, கோயிலுக்கு வர்ற பொம்பளைங்க கூட்டம் பாதி இந்த வழிதான். கருவாடு, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், ரசவடை, முந்திரிக்கொத்து, சுக்குகாப்பி, இதுக்கு புட் கோர்ட்டு எதுக்கு, ஒரு மேசையும் ஒரு லைட்டும் போதும். எங்க ஊருல பள்ளிவாசல் தெருவுல ஒரு ருசி, காணிக்கை மாதா கோயில் தெருவுல ஒரு ருசி, அது ரெண்டும் ஒரே ரோட்டுல வந்தா நானே கடைய பூட்டிட்டு தின்ன போயிருவேன். வண்டி நிறுத்த எடம் இல்லன்னு கடைக்காரங்க முதல்ல சத்தம் போடுவாங்க, நானும் போட்டிருப்பேன், ஆனா பைக்ல போறவன் என் கடைய பாக்குறதில்ல, நடக்குறவன்தான் பாக்குறான்னு பதினெட்டு வருஷத்துல படிச்சிட்டேன்.

இன்னொண்ணு, நம்ம ஊரு வெற்றித்தூண். 1741ல டச்சுக்காரங்கள மார்த்தாண்டவர்மா படை தோக்கடிச்ச எடம், கால்வாய் வெட்டின ராஜா இல்ல, அதே பேருல அவருக்கு ரொம்ப முன்னாடி ஆண்டவரு. டச்சு தளபதி டிலனாய் பிடிபட்டு, பொறவு திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி, உதயகிரி கோட்டைக்குள்ள அடக்கம் ஆகியிருக்காரு. எங்க ஊரு மீன்பிடிக்காரங்க துடுப்ப தோள்ல வச்சு துப்பாக்கி மாதிரி வரிசையா நின்னு டச்சுக்காரங்கள பயமுறுத்தினாங்கன்னு வீட்டுல கதை சொல்லுவாங்க. எவ்வளவு பெரிய கதை! ஆண்டுக்கொருக்க ஜூலை 31ல ராணுவம் வந்து மாலை போடும், அன்னைக்கு மட்டும் சுத்தி பெருக்கியிருக்கும். பிள்ளைக தடுக்கி விழாம அங்கன போய் நின்னு நாலு வரி தமிழ்ல வாசிக்க ஒரு போர்டு வைங்க. 'ஐ லவ் குளச்சல்'னு எழுதுற செலவுல அத செய்யலாம்.

இப்போ நான் கேக்குறத தெளிவா கேட்டுடுறேன், பொறவு புரியலன்னு சொல்லக்கூடாது.

அந்த படம் யாரோடது, எந்த நிதியில, எவ்வளவுன்னு பதினஞ்சு நாளைக்குள்ள தமிழ்ல எழுதி பஸ் ஸ்டாண்டு போர்டுல ஒட்டுங்க. அப்படி ஒரு திட்டமே இல்லன்னா அதையும் எழுதி ஒட்டுங்க.

ஊரு மையமோ கடற்கரையோ எதுக்கு பிளான் போட்டாலும் வார்டு ஜனங்க கூடுற ஏரியா சபையில வச்சு கேளுங்க. அதுவும் காலைல பதினோரு மணிக்கு வேண்டாம், அப்போ மீன்காரம்மமாரு யாரும் வீட்டுல இருக்க மாட்டாங்க. சாயந்திரம் வைங்க.

தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014ல வந்தாச்சு. கணக்கெடுத்து சான்றிதழ் குடுக்காம ஒருத்தரையும் எழுப்பக்கூடாதுன்னு அதுல இருக்கு, வியாபாரக் குழுவுல நூத்துக்கு நாப்பது பேராவது வியாபாரிகளா இருக்கணும், அதுல மூணுல ஒரு பங்கு பொம்பளைங்கன்னும் இருக்கு. அழகுபடுத்துறோம்னு சொல்லி கரையோரத்துல விக்கிறவங்க மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி அந்த குழுவுல யாரு யாரு இருக்காங்கன்னு பேரு பட்டியல காட்டுங்க.

ஏவிஎம் கால்வாயில குளச்சல் பகுதிக்கு மட்டும் ஒரே ஒரு அதிகாரிய பொறுப்பாக்குங்க. தண்ணிக்கும் கரைக்கும் சிலாப்புக்கும் சேத்து. அவங்க போன் நம்பர பாலத்துல எழுதி வைங்க. நடைபாலம் எங்கெங்க வேணும்னு 2004ல ஓடினவங்கள கூட்டிட்டு போய் கேளுங்க, அவங்க விரல் நீட்டுற எடத்துல போடுங்க, இன்ஜினியருக்கு வசதியான எடத்துல இல்ல.

வர்ற எடவப்பாதிக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டுல இருந்து கரை வரைக்கும் உடைஞ்ச சிலாப் எல்லாம் மாத்தணும், எல்லா லைட்டும் எரியணும், பொம்பளைங்க பாத்ரூம் ஒண்ணு திறந்து இருக்கணும், மீன் சட்டி கழுவ ஒரு பைப்பு வேணும். இதுக்கு பெரிய பிளானும் வேண்டாம், கலர் படமும் வேண்டாம், இருக்கிற நிதியில முடியும்.

மணல்ல ஒரு பேவர் பிளாக்கும் போடாதீங்க.

கடைசியா ஒண்ணு, இத எழுதி முடிச்சு எங்கம்மைகிட்ட வாசிச்சு காட்டினப்போ அவங்க சேக்க சொன்னது. பிளான் போடுறவங்க ஒருநாள் ராத்திரி ஏழரை மணிக்கு மழை நேரமா பாத்து கார பஸ் ஸ்டாண்டுலயே விட்டுட்டு கரை வரைக்கும் நடந்து வரணுமாம், அவங்க கம்பு ஊனிட்டு கூட வருவாங்களாம், உடைஞ்ச சிலாப் எங்க எங்க இருக்குன்னு அவங்களுக்கு தெரியுமாம். தேதி சொல்லுங்க.

இப்படிக்கு,
குளச்சல் பஜார்ல இருந்து ஒரு தையல் கடைக்காரி